நீங்கள் மறுபடி பூட்டிய அறை

மனநோயையும் மனநல மருத்துவரையும் வைத்துத் திகில் படம் எடுக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வீடு கழுவிவிடும்போது, எங்கள் வளவில் நிற்கும் தேக்குத் தூணுக்கும் அதன் கல் அடிக்கும் நடுவே இருக்கும் சந்திலிருந்து முப்பத்தெட்டு மாத்திரைகளை ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்தேன். மேலே கிடந்தவை முழுசாக இருந்தன. அடியில் இருந்தவை ஈரத்தில் கரைந்து மாவாகி, எறும்பு மொய்த்திருந்தது. அக்காவான என்னை ஆச்சி என்று கூப்பிடும் என் தம்பி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கண்ணெதிரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் மாத்திரைகள் அவை. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, நான் விளக்கை அணைத்ததும் தூணடியில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறான். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “மாத்திரையை நிறுத்திய பிறகுதானே ஆச்சி அந்தப் பெண்ணுக்குப் புத்தி தெளிந்தது?” என்றான்.

அந்தப் பெண் உங்களில் ஒருவர் எடுத்த படத்தின் கதாநாயகி. படத்தின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. ஒரு படத்தோடு முடிகிற குறையாக இருந்தால் அவருக்கு மட்டும் கடிதம் போட்டிருப்பேன்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது எங்கள் வீட்டில்தான். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களில் இப்போது பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அதுவும் ஒன்றாக ஆகியிருக்கும். நானும் தம்பியும் இருப்பதால் விளக்கு எரிகிறது. பங்காளிகள் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். மழைக்கு ஒழுகும் ஓட்டை மாற்ற யாரிடம் எவ்வளவு கேட்பது என்று பேசிப் பேசியே நான்கு ஐப்பசி போய்விட்டது. அப்போதுதான் படப்பிடிப்பு மேலாளர் வந்தார். குடும்பக் கதை என்றார். பதினொரு நாள் வாடகை இரண்டாம் கட்டின் கூரை முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறாள் என்று யாரும் நாளைக்குச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் கட்டில் அடுப்படியை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. சன்னல் ஒன்று, அதுவும் முற்றத்தைப் பார்த்தது. கதாநாயகியைப் பூட்டி வைக்க அந்த அறையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுவரில் நகத்தால் பிறாண்டியதுபோல் ஆணியால் கீறி, சிவப்புச் சாயம் தடவினார்கள். கதவுக்கு வெளியே ஓர் இரும்புத் தாழ்ப்பாள் அடித்தார்கள். அதை அடித்த தச்சர் நல்ல வேலைக்காரர். கதவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இங்கே ஏற்கெனவே நான்கு துளை இருக்கிறதே அம்மா, அரக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள்” என்று சொல்லி, அதே துளைகளைத் திறந்து திருகு ஏற்றினார்.

1986இல் அந்தத் துளைகளை அடைத்தவர் என் அப்பச்சி, அதாவது அப்பா. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் அங்கே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே இருந்தவர் அப்பச்சியின் தங்கை, என் அயித்தை.

முதல் பிள்ளை பிறந்த இருபதாம் நாள் அவருக்குப் பேச்சு மாறியது. பிள்ளையைத் தூக்கமாட்டேன், அது என் பிள்ளை இல்லை என்றார். 1972இல் மாமனார் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. தட்டை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போவது என் வேலை. கோபம் வந்த நாளில் கம்பிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக் கடித்திருக்கிறார், தழும்பு இருக்கிறது. மற்ற நாட்களில் கொட்டான் முடைந்தார். பனை ஓலையைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து நான் உள்ளே கொடுப்பேன். இரண்டு நாளில் விளிம்பு பிசகாத கொட்டான் வெளியே வரும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்த கொட்டான்கள் அந்த அறையில் முடைந்தவை. வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அது தெரியாது. பதினான்கு ஆண்டுகளில் அந்தச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை. கீறல் எல்லாம் உங்கள் கலை இயக்குநர் போட்டது.

குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைப் பாரிஸ் மருத்துவர்கள் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தது 1952இல். அயித்தையைப் பூட்டியபோது அது வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையின் வரலாறோ 1794இல் தொடங்குகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன குடும்பத்துக்குச் சென்னை தூரமில்லை. ஆனால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக இருந்தது. அதை வசைச்சொல்லாகவே வைத்திருந்ததில் உங்கள் துறையின் நகைச்சுவைக் காட்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே போனால் கரண்ட் வைத்துக் கொன்றுவிடுவார்கள் என்று அப்பத்தா அழுதார். அழுதழுது தன் மகளைத் தன் வீட்டிலேயே சிறை வைத்தார்.

சினிமாவால் கெட்டது மட்டுமே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நடந்த நல்லதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடலை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

2004இல் என் தம்பிக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் தீபாவளிக்கு வந்தபோது வானொலிப் பெட்டியைத் துணியால் மூடி வைத்தான். அதில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். ஆத்தா, மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் நாற்பத்தெட்டு நாள் தங்கினார். ஏர்வாடி தர்காவுக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்கவில்லை. மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஆத்தா அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், பேசமாட்டார்.

2005 சித்திரை முதல் நாள் ‘சந்திரமுகி’ வெளியானது. அதில் ரஜினிகாந்த் மனநல மருத்துவர். ஆத்தா காரைக்குடியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரவு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “பேய் இல்லையாம், மனசுதானாம். ரஜினி சொல்லுகிறார். அந்த மாதிரி டாக்டர் மதுரையில் இருக்கிறாரா?” என்று கேட்டார். அடுத்த வாரமே மதுரைக்குப் போனோம். மருத்துவம் அந்தப் படத்தில் காட்டியதுபோல் ஒரே ராத்திரியில் ஓர் உருவபொம்மையை எரித்து முடிகிற காரியம் இல்லை என்பது எங்களுக்குப் போகப் போகத் தெரிந்தது. முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, கை நடுங்கியது, மாற்றினார்கள், எடை கூடியது. எட்டு மாதம் கழித்து, தம்பி தானாகவே வானொலியைத் திருப்பி ஏழே கால் மணிச் செய்தி கேட்டான். அன்றிலிருந்து இருபது ஆண்டாக அவன் எங்களோடு இருக்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான், பிள்ளையார் நோன்புக்கு மாவு பிசைகிறான். அவன் மேல் யாரும் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படத்தின் வழியில் வந்தது ‘சந்திரமுகி’யின் கதை என்று பிறகு அறிந்தேன். அங்கேயும் ஒரு பெரிய வீடு, ஒரு பூட்டிய அறை, ஒரு மருத்துவர். பூட்டிய அறை வேண்டாம் என்று உங்களிடம் நான் கேட்கப் போவதில்லை. அந்தப் படங்களில் பூட்டைத் திறந்துவிட வருகிறவர் மருத்துவர். உங்கள் படத்தில் பூட்டுகிறவரே அவர்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பார்க்காதவர்களுக்காக. புத்தி தெளிவாக இருக்கும் பெண். சொத்துக்காக அவளைப் பைத்தியமாக்கக் கணவனும் மருத்துவரும் சேர்கிறார்கள். மருத்துவர் கைக்கடிகாரத்தை ஆட்டி வசியம் செய்கிறார், கனவுக்குப் பொருள் சொல்கிறார், மாத்திரை கொடுக்கிறார், மயக்க மருந்தில்லாமல் கட்டிலில் கட்டி வைத்து நெற்றியில் மின்சாரம் பாய்ச்சுகிறார். அவள் மாத்திரைகளைத் துப்பி முற்றத்துத் தூணடியில் ஒளித்து வைக்கிறாள். அறிவு தெளிகிறது. கடைசியில் மருத்துவரைக் கிணற்றில் தள்ளுகிறாள், அரங்கம் கைதட்டுகிறது. என் தம்பி என் பக்கத்து இருக்கையில் இருந்தான். தன் வீடு வெள்ளித்திரையில் வருகிறது என்று ஒரு வாரமாகக் காத்திருந்து வந்தவன் அவன். தூண் எங்கள் வீட்டுத் தூண். ஒளிக்கும் இடத்தையும் அவனுக்கு நீங்களே காட்டிக் கொடுத்தீர்கள்.

மாத்திரைகளை நான் கண்டெடுத்த நாளுக்குள் அவன் தூங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிறகு பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது. மருத்துவமனையில் சேர்த்தபோது வாயில் ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். இந்த நிலைக்கு மின்அதிர்வு சிகிச்சைதான் விரைவாகக் கேட்கும், சம்மதம் வேண்டும் என்றார் மருத்துவர். என் சித்தப்பா மகன்கள் மூன்று பேரும் கூடாது என்றார்கள். மூவரும் படம் பார்த்தவர்கள். ஒருவன் கைப்பேசியில் அந்தக் கட்டில் காட்சியையே எடுத்து என்னிடம் காட்டினான். நான்கு நாள் இழுபறியில் போயிற்று, தம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தான். ஐந்தாம் நாள் நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் காலை எப்படி இருந்தது என்று சொல்கிறேன், நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் அழைத்துப் போனார்கள். கையில் ஊசி போட்டு மயக்கம் கொடுத்தார்கள், தசைகள் தளர இன்னொரு மருந்து. கதவு சாத்தினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கந்தர் சஷ்டி கவசம் சொன்னேன். இரண்டாம் முறை பாதியில் இருக்கும்போது கதவு திறந்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை. அரை மணி நேரம் உறங்கினான். நான்காவது முறைக்குப் பிறகு கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, “இட்லி இருக்கிறதா ஆச்சி” என்றான். இருபத்து மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. அந்த நாட்களில் நடந்தவை பல அவனுக்கு நினைவில் இல்லை, தலைவலி இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அந்தச் சிகிச்சை செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதற்கும் அதே தடை. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் அது. உங்கள் படமோ இந்தக் காலத்தில் நடக்கும் கதை, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது.

மருத்துவர் கெட்டவராக வரக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வரலாம். 1945இல் ஹிட்ச்காக் எடுத்த ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்தில் கொலைகாரரே மனநல மருத்துவமனையின் தலைவர்தான். ஆனால் அவரைக் கண்டுபிடித்து, நோயுற்றவனையும் மீட்கிறவரும் ஒரு மருத்துவர், இங்கிரிட் பெர்க்மன் நடித்த உளப்பகுப்பாய்வாளர். சால்வதோர் தாலி வடிவமைத்த கனவுக் காட்சிக்காக அந்தப் படத்தைப் புகழ்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மே ரோம் என்ற மனநல மருத்துவரின் பெயர் ஆலோசகர் என்று படத்தின் தொடக்க எழுத்தில் வருவது. மறந்த நினைவு திரும்பியதும் நோய் பறந்துவிடுகிறது என்று அதிலும் கதை அளக்கிறார்கள்தான். ஆனாலும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனுக்கு மருத்துவரிடம் போகப் பயம் வராது. கெட்ட மருத்துவர் ஒருவரைக் காட்டுங்கள், ஆட்சேபம் இல்லை. மருந்தே சூழ்ச்சி என்று காட்டாதீர்கள்.

திகில் படங்களுக்கு எதிரியும் அல்ல நான். 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யைப் பதினான்கு வயதில் பார்த்துவிட்டு மூன்று நாள் ஆத்தாவை ஒட்டிப் படுத்தவள். பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைக் கொடுப்பது சுலபமான கலை இல்லை என்பதும் தெரியும். ஆனால் உங்கள் பலருடைய எழுத்தில் சோம்பல் இருக்கிறது. கனவை ஆராய்கிறவரும், மாத்திரை எழுதுகிறவரும், வசியம் செய்கிறவரும் ஒரே ஆளாக வருகிறார். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேசிப் பார்த்து, சோதனைகள் செய்து உதவுகிறவர். உளப்பகுப்பாய்வு என்பது வேறொரு தனிப் பயிற்சி. வாரத்தில் பல நாள் என்று ஆண்டுக்கணக்கில் போகும். ஃபிராய்டே வசியத்தைத் தொடக்கத்தில் கையாண்டுவிட்டுக் கைவிட்டவர். இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை, 1922லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிவிட்டார். நூறு ஆண்டு கழித்து நாம் இன்னும் கடிகாரத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்கிசோஃப்ரினியா என்றால் ஓர் உடம்பில் இரண்டு ஆள் என்று உங்கள் படத்துக் காவல் அதிகாரி விளக்குகிறார். என் தம்பிக்குள் இன்னோர் ஆள் கிடையாது. யாரும் பேசாதபோது அவனுக்குக் குரல் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த வசனத்துக்குப் பிறகு அவனிடம் கணக்குக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஐந்து பேரை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்று காரணம் சொன்ன ஒரு தாய், “ராத்திரியில் வேறு ஆளாக மாறுவாராமே” என்றார்.

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலக் குறை இருப்பதாகச் சொல்கிறது. ஐந்நூறு பேர் அமரும் அரங்கில் ஐம்பது பேர். பக்கத்து இருக்கையில் அவர்களோடு வந்த அக்காவோ மகனோ மனைவியோ இருப்பார்கள். நீங்கள் கதை எழுதும்போது இந்த ஐம்பது பேரையும் பார்வையாளர்களாக நினைத்துக்கொள்வதே இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

திரைக்கதையை முடித்துவிட்டு அல்ல, எழுதத் தொடங்கும்போதே ஒரு மனநல மருத்துவரிடமும், பல ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வாழும் ஒருவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். ஆலோசனை சொன்னவர் பெயரை எழுத்தில் போடுங்கள்; பெயர் போடுவதானால் அவரும் பார்த்துத்தான் சொல்லுவார். மின்அதிர்வு சிகிச்சையைக் காட்டுவதானால் இன்று நடப்பதுபோல் காட்டுங்கள். பழைய காலத்துக் கொடுமைதான் கதைக்கு வேண்டும் என்றால் ஆண்டைத் திரையில் எழுதிக் காட்டுங்கள். பாத்திரம் மருந்தை நிறுத்தும் காட்சி வந்தால், சிகரெட் பிடிக்கும் காட்சிக்கு அடியில் எழுத்துப் போடுகிறீர்களே, அதேபோல் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது என்று அங்கேயே போடுங்கள். கூடவே 14416 என்ற எண்ணையும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

செட்டிநாட்டில் வீடு கேட்டு வரும்போது உண்மையான கதையைச் சொல்லிக் கேளுங்கள். என் பங்காளிகளுக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் இதே இடத்தில் சொல்கிறேன்: கதைச் சுருக்கத்தை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பூட்டிய அறை இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு.

எங்கள் வீட்டில் படம் எடுத்த இயக்குநருக்குத் தனியாக இரண்டு வேண்டுகோள். படம் இப்போது இணையத்தில் ஓடுகிறது. நான் மேலே சொன்ன எழுத்தை அதன் தொடக்கத்தில் சேர்க்க இப்போதும் முடியும், இந்த மாதத்துக்குள் சேர்த்துவிடுங்கள். அடுத்து, கேமரா இல்லாமல் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். தாழ்ப்பாளை நான் கழற்றவில்லை. அதைப் போடச் சொன்னவர் கையாலேயே கழற்ற வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். திருப்புளியும் அரக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். தம்பியும் உங்களோடு பேசச் சம்மதித்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்.